பட்டை என்று நான் எழுதிய டப்பா

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. என் தலையில் கட்டப்பட்டது. குடும்பப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் போன் செய்து, "சார், அரைப் பக்கம் காலியா கிடக்கு. நாய் லவங்கப்பட்டை சாப்பிடலாமான்னு எழுதிக் குடுங்க. கதை கிதைன்னு ஆரம்பிச்சிடாதீங்க" என்றார். சரி என்றேன். ஒழுங்காகக் கட்டுரையைத்தான் தொடங்கினேன்.

'மனிதனின் உற்ற நண்பனான நாய்' (அடித்துவிட்டேன். இப்படித் தொடங்கும் கட்டுரையை நானே படிக்க மாட்டேன்.)

'லவங்கப்பட்டை என்பது ஒரு மரத்தின் உட்பட்டை. அதைப் பொடி செய்து துளியூண்டு கொடுத்தால் நாய்க்கு' (பாதியில் நிற்கிறது. இந்த இடத்தில்தான் நாய் நக்கியது.)

2

ஆட்களை அறிமுகப்படுத்தியாக வேண்டும். எங்கள் வீட்டு நாயின் பெயர் மேனேஜர். ஒரு வேலையும் செய்யாது. யார் எந்த வேலை செய்தாலும் பக்கத்தில் வந்து நின்று பார்க்கும். என் மனைவி பின்னறையில் ஜன்னல் திரை தைத்துக் கொடுக்கிறாள். நான் எழுதுகிறேன். சம்பவம் நடந்த அன்று எங்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

[வாசகர் யார் பக்கம் சாய்வார் என்ற பயம் எனக்கு உண்டு. நியாயமாகத்தான் எழுதப் பார்க்கிறேன். தராசு என் பக்கம் லேசாகச் சாய்ந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.]

விஷயம் இதுதான். எங்கள் சமையலறையில் எந்த டப்பாவிலும் அதன் மேல் அச்சடித்திருக்கும் பொருள் இருக்காது. பிஸ்கட் டப்பாவில் பருப்பு, காபி பாட்டிலில் உப்பு. எதில் எது என்பது அவளுக்கு மட்டுமே தெரியும். அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில், உபகாரம் செய்வதாக நினைத்து, எல்லாவற்றுக்கும் பெயர் எழுதி ஒட்டினேன். இரண்டு டப்பாக்களில் பழுப்பாகத் தூள் இருந்தது. ஜலதோஷம் பிடித்திருந்ததால் முகர்ந்து பார்க்க வழியில்லை. ஒன்றில் 'பட்டை' என்றும் மற்றதில் 'ஜாதிக்காய்' என்றும் எழுதிவிட்டேன்.*

* தலைப்பு வைப்பதோடு எழுத்தாளன் வேலை முடிந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது மற்றவர்கள் பாடு.

திரும்பி வந்தவள் அலமாரியைப் பார்த்தாள். "என் அடுப்படிக்குப் பேரு வைக்க உங்களை யாரு கூப்பிட்டா?"

"நல்லது பண்ணாலும் தப்பா?" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

அதன் பிறகு எல்லாம் மேனேஜர் மூலம்தான். "மேனேஜர், சாப்பாடு ஆறுதுன்னு சொல்லு." "மேனேஜர், எனக்குப் பசியில்லைன்னு சொல்லிடு." மேனேஜர் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்க்கும். யார் பக்கமும் பேசாது. பசியில்லை என்றவனின் தட்டை மட்டும் ஏக்கமாகப் பார்க்கும்.

3

கட்டுரைக்குக் கொஞ்சம் உயிர் வரட்டும் என்று 'பட்டை' டப்பாவை எடுத்து வந்து, மூடியைத் திறந்து முக்காலியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 'நாய்க்கு' என்று எழுதிவிட்டு, அடுத்த சொல்லுக்காகக் கூரையைப் பார்த்தேன். கீழே ஒரு தும்மல் கேட்டது. மேனேஜரின் மூக்கு முழுக்கப் பழுப்புத் தூள்.

(இங்கே அதன் கண்களைப் பற்றி உருக்கமாக ஒரு பத்தி இருந்தது. பொய். அது உதட்டை நக்கிக்கொண்டு, இன்னும் கிடைக்குமா என்று பார்த்தது. பயந்தது நான்தான். உடனே நாய் டாக்டருக்குப் போன் போட்டேன்.)

"பட்டைன்னா கொஞ்சூண்டு பரவாயில்லைங்க" என்றார் நாய் டாக்டர். "மூக்கைத் துடைச்சுவிட்டுத் தண்ணி வைங்க. இருமினாலோ மூச்சு வாங்கினாலோ கூட்டிட்டு வாங்க. ஜாதிக்காய்னா கதை வேற. அதிகமா உள்ள போயிருந்தா ஆபத்து, உடனே தூக்கிட்டு வந்துடணும். என்ன தூள் அது?"

"பட்டைன்னு எழுதியிருக்கு டாக்டர்."

"யாரு எழுதினது?"

என் எழுத்தைப் பற்றி யாரும் இவ்வளவு சரியான கேள்வி கேட்டதில்லை.

4

பின்னறையில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் நின்று, பழக்க தோஷத்தில் கீழே குனிந்து, "மேனேஜர், டப்பாவுல என்ன இருந்துச்சுன்னு கேளு" என்றேன். மேனேஜர் தும்மியது. புதுத் திரைத் துணி மேல் தூள் பறந்தது. மிஷின் நின்றது.

"என்னங்க ஆச்சு இதுக்கு?"

நேராக என்னிடம் கேட்டாள். வேறு சமயமாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

"டப்பாவை நக்கிடுச்சு. நான் பட்டைன்னு எழுதினது. உள்ள நிஜமா பட்டைதானா?"

"பட்டைதான்."

"நான் சும்மா குத்துமதிப்பா எழுதினேன்மா."

"தெரியும். ஜாதிக்காய் மேல பட்டைன்னும், பட்டை மேல ஜாதிக்காய்னும் ஒட்டியிருந்தீங்க."

"அப்ப இது ஜாதிக்காயா?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"பட்டைங்கறேன்ல. உள்ள இருந்ததை மாத்திக் கொட்டிட்டேன்." துண்டுத் துணியால் மேனேஜரின் மூக்கைத் துடைத்தாள். "ஒட்டினதைக் கிழிச்சா நீங்க மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவீங்க. தூளை மாத்தறது சுலபம்."

மேனேஜர் ஒரு கிண்ணம் தண்ணீரைக் காலி செய்தது. இருமவில்லை. டாக்டரிடம் சொன்னேன், "அப்ப பயமில்லைங்க" என்றார். இத்தனை வருஷமாக எழுதுகிறேன். நான் எழுதியது பொய்யாகிவிடக் கூடாது என்று ஒருவரும் இப்படி மெனக்கெட்டதில்லை. அதுவும் என்னோடு பேசாமல் இருந்த நேரத்தில்.

இதை அப்போதே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். "டப்பாவை மூடி வைக்கணும்" என்று சொன்னேன். மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. சாயங்காலம் கூடத்திலிருந்து அவள் குரல் வந்தது: "மேனேஜர், டீ ஆறுதுன்னு சொல்லு."

5

முதல் முடிவு: கணவன் மன்னிப்புக் கேட்கிறான், மனைவி சிரிக்கிறாள். (ஆசிரியருக்குப் பிடிக்கும். அவள் நம்ப மாட்டாள்.)

இரண்டாவது: நாய் வாயைத் திறந்து இருவரையும் நாலு வார்த்தை (வேண்டாம். அதற்கு ஏற்கெனவே வேலை அதிகம்.)

மூன்றாவது எனக்கு எழுத வரவில்லை. அதனால் இதுவரை எழுதிய தாள்களை எடுத்துக்கொண்டு போய், "படிச்சுப் பாரேன்" என்று அவள் கையிலேயே கொடுத்தேன். நடுவில் மேனேஜரைக் கூப்பிடவில்லை.

இந்தக் கடைசித் தாளை மட்டும் பின்னறை வாசலில் நின்றுகொண்டு எழுதுகிறேன். நான்காம் பகுதி வந்ததும் அவள் கண் அங்கேயே நின்றது. பிறகு அதையே திரும்பப் படித்தாள். இப்போது தாள்களை மடித்து மிஷின் மேல் வைக்கிறாள். தலையை நிமிர்த்துகிறாள். என்னவோ சொல்லப் போகிறாள். தனக்குத்தான் என்று நினைத்து மேனேஜரும் எழுந்து நிற்கிறது.

என்னைப் பார்த்தா, மேனேஜரைப் பார்த்தா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் பேனாவை மூடுகிறேன். அவள் சொல்வதைக் கேட்க வேண்டும்.