எலாஸ்டிக் ஒரு நாள் கெடக்கணும்

எனக்கு மூக்குக்கு மேல கோவம் வரும், ஒத்துக்கறேன். ஆனா அன்னைக்கு வந்த கோவத்துல தப்பே இல்லீங்க.

எங்க துணி கம்பெனில கட்டிங் இன்சார்ஜா நான் வந்து மூணே நாளு. எட்டு வருசம் செக்கிங் டேபிள்ல கால் கடுக்க நின்னு வாங்கின பொறுப்பு. கொழந்தைக டவுசருக்கு இடுப்பு எலாஸ்டிக் காலைல வந்து எறங்குச்சு. ரோல்ல இழுத்துச் சுத்தியிருப்பாங்க. பிரிச்சு ஒரு நாள் தளர்வாப் போட்டு வெச்சாத்தான் அது தன்னோட நெச நீளத்துக்கு வரும், அப்புறந்தான் வெட்டணும். நானும் டேபிள் மேல பிரிச்சுப் போட்டேன்.

மொதலாளி ஈஸ்வரமூர்த்தி வந்தாரு. "ஏங்கண்ணு, வெட்டாம குமிச்சு வெச்சு வேடிக்கை பாக்கறயா?"

"ஒரு நாள் கெடக்கணுங்க. இப்ப வெட்டுனா நாளைக்குச் சுருங்கிப் போயிருமுங்க."

"எலாஸ்டிக்னா இழுத்தா வாறதுதானே? தைக்கறப்ப இழுத்துக்குவாங்க. நாளைக்குக் காலைல தையல் லைன்ல பீஸ் இல்லீன்னா நீ பழைய டேபிளுக்கே போயிரு."

சுருக்குனு தெச்சுது. டீ டைம்ல ஃபோனை எடுத்து, எலாஸ்டிக்ங்கற வார்த்தைக்கு அப்படி என்னதான் அர்த்தம்னு தேடுனேன். கிரேக்கத்துல இருந்து வந்ததாம். 'ஓட்டறது, அடிச்சு நீட்டறது'ங்கறதுதான் அதோட வேராம். இங்கிலீஷ்காரங்க மொதல்ல ரப்பருக்கு அந்தப் பேரை வெக்கலை, காத்துக்கு வெச்சாங்களாம். அமுக்குன காத்து விட்டதும் பழையபடி விரியுதுல்ல, அதுக்கு. இழுத்து விட்டாத் திரும்பற சாமானுக்கெல்லாம் பின்னாடிதான் வந்துதாம்.

அந்தக் கோவத்துலயே நேரா மொதலாளிகிட்டப் போய்ச் சொன்னேன். "இழுத்தா வாறதுக்கு வெச்ச பேரு இல்லீங்க அது. விட்டாத் திரும்பறதுக்கு வெச்சது. நம்முளுது இன்னும் திரும்பலைங்க."

"டிக்சனரி வெச்சு டவுசர் தைக்கறயா?"னு சிரிச்சாரு. அப்பறம் கத்திரிக்கோலை எடுத்து, புது ரோல்ல அவரே அம்பது சென்டிமீட்டரா நூறு பீஸ் வெட்டி வெச்சுட்டுப் போனாரு. நான் அதைத் தொடவேயில்லை.

மறுநாள் காலைல, நான் பிரிச்சுப் போட்டிருந்ததை அம்பது அம்பதா வெட்டி லைனுக்கு அனுப்பிட்டு, அவரு வந்ததும் அவரோட பீஸுல டேப் புடிச்சேன். நாப்பத்தெட்டு. அடுத்ததும் நாப்பத்தெட்டு. மொதலாளி டேப்பை வாங்கி அவரே அளந்தாரு. லைன்ல இருந்து என்னோடதுல ஒண்ணை எடுத்தாரச் சொல்லி அளந்தாரு. அம்பதுக்கு அம்பது.

தலையைச் சொறிஞ்சுட்டே கேட்டாரு. "நான் வெட்டுனதையெல்லாம் என்ன கண்ணு பண்றது?"

"ஒரு சைஸ் கீழ போட்டுக்கலாங்க. வீணாகாதுங்க."

"சரி, இன்சார்ஜு நீதான, லைன்ல நீயே சொல்லிரு."

எட்டு வருசத்துல அவரு என்னைக் கேட்டு ஒண்ணைச் செஞ்சது அன்னைக்குத்தான்.