மெல்லாத வெற்றிலை

செங்கோடனுக்கு வயசு ஐம்பதுதான். புகையிலை புண்ணியத்தில் பல்லெல்லாம் கொட்டிப்போய், பார்க்கிறவர்களுக்கு எழுபது மாதிரி இருந்தார். மகள் ஆராயியை முதலில் பெண் பார்க்க வந்தவர்கள், "தாயில்லாத புள்ள. அப்பனும் பொக்க வாயிக் கெழவரு. நாளைக்குச் சீரு செய்ய ஆரு இருப்பா?" என்று எழுந்து போய்விட்டார்கள். அந்த ரோஷத்தில்தான் மனுஷன் சேலத்துக்குப் போய், பல் கட்டுகிற சீனாக்காரரிடம் வாய் நிறையக் கட்டிக்கொண்டு வந்தார்.

பல் என்னவோ பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் பேசினால் மேல் வரிசை கழன்று கீழ் வரிசைமேல் உட்கார்ந்தது. களியைக்கூட அப்படியே விழுங்க வேண்டியிருந்தது. ஈறு புண்ணாகிக் கண்ணில் தண்ணீர் வந்தது. பழகப் பழகச் சரியாகிவிடும் என்று சீனாக்காரர் சொல்லியிருந்தார். பழகுவதற்குள் பள்ளிபாளையத்துக் காளியப்பன், தன் மகனுக்குப் பெண் கேட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

பங்காளிகள் எல்லோரும் சந்தைக்குப் போயிருந்த நாள். செங்கோடன் அவசர அவசரமாகப் பல்லை மாட்டிக்கொண்டு வந்து கும்பிட்டார். மாப்பிள்ளை, தேரோட்டத்தில் அவள் பார்த்த பையன்தான் என்று தெரிந்ததும் ஆராயியின் முகம் மலர்ந்ததை அவர் கவனித்தார். காளியப்பனுக்கும் பெண்ணைப் பிடித்துப்போயிற்று.

"மச்சான், வந்தது வந்தோம், நாளும் நல்ல நாளுங்க. கையோட வெத்தல வாங்கிக்குங்க."

மாப்பிள்ளை வீட்டார் நீட்டும் வெற்றிலையைப் பெண்ணைப் பெற்றவர் அங்கேயே மென்றால் பெண்ணைக் கொடுத்தாயிற்று. மெல்லாவிட்டால் வேண்டாம் என்று பொருள். அதற்குமேல் ஏன் எதற்கு என்று கேட்பது கௌரவக் குறைச்சல்.

செங்கோடன் வாயில் போட்டு ஒரு கடி கடித்தார். பாக்கு ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. மேல் வரிசை சாய்ந்தது. நாக்கால் முட்டுக்கொடுத்துப் பிடித்தார். வாயைத் திறந்தால் பல் மடியில் விழும். விழுந்தால் போன சம்பந்தம் மாதிரியே இதுவும் போகும். உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாவம், வேறென்ன செய்வார்?

"மெல்லுங்க மச்சான்" என்று சிரித்தார் காளியப்பன். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

கதவோரம் ஆராயி தவித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு விஷயம் தெரியும். ஆனால் தன் கல்யாணப் பேச்சில் தானே புகுந்து பேச எந்தப் பெண்ணால் முடியும்?

"புடிக்கலீன்னா முன்னாடியே சொல்லியுட்டிருக்கலாமுங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார் காளியப்பன். வண்டி நகர்ந்தது.

அப்போதுதான் செங்கோடனுக்கு வெட்கம் விட்டது. இரண்டு வரிசையையும் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, வெற்றிலையைத் துப்பிவிட்டு ஓடினார்.

"மச்சான், நில்லுங்க! பொண்ணக் குடுத்தனுங்க! குடுத்தனுங்க மச்சான்!"

காளியப்பன் திரும்பிப் பார்த்தார். துப்பிக் கிடந்த வெற்றிலையைப் பார்த்தார். பொக்கை வாயைப் பார்த்தார். கையிலிருந்த பல்லைப் பார்த்தார்.

"பல்லே பொய்யி. இனிப் பேச்ச என்னத்த நம்பறது? நீ ஓட்டப்பா" என்றார் வண்டிக்காரரிடம்.

வண்டியைத் தொடர்ந்து ஓட முடியாமல் செங்கோடனுக்குக் கால் தடுக்கியதில் பல் புழுதியில் விழுந்தது. பொறுக்கிக்கொண்டு திரும்பி வந்தார். மகளை ஏறெடுத்துப் பார்க்கத் தைரியமில்லை.

"சாமி, நான்..." என்று அவளிடம் ஆரம்பித்தார். அழுகைதான் வந்தது.

"குடுங்கப்பா, கழுவி வெக்கறேன்" என்று ஆராயி கையை நீட்டினாள். "அடுத்து ஆராச்சும் வந்தா வேணுமில்லீங்களா?"