றெக்கைப் பாடு

கழி இறக்கையில் பட்டு டங் என்றது. அங்கமுத்து அதை உருவிப் படகுக்குள் கிடத்தினார். முன்னால் உட்கார்ந்திருந்த தனசேகர் மடியிலிருந்து ஒரு கத்திரி மார்க் சிகரெட்டை எடுத்தான். காற்றில் தீக்குச்சிகள் அணைந்துகொண்டே இருந்தன. ஒருவழியாகப் பற்றிக்கொண்டதும் அதை வாயில் வைத்து இழுக்காமல், குனிந்து, குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோலத் தண்ணீரின்மேல் விட்டான். அது சுருக்கென்று அணைந்து, கொஞ்ச தூரம் மிதந்து, ஊறிப் பிரிந்தது.

"ஏத்துக்கினாரா மாமா?"

அங்கமுத்து தண்ணீரைப் பார்த்தார். கலங்கல் இல்லாத உச்சிப்பொழுது. ஒரு கை ஆழத்தில் இறக்கையின் விளிம்பு வெளுத்துத் தெரிந்தது. மேலெல்லாம் சிப்பி ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே பச்சை இருட்டு.

பழவேற்காட்டு ஏரியில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதைக் கோட்டைக்குப்பத்தில் சீட்டுப் போட்டுத்தான் முடிவு செய்வார்கள். பாடு என்று அதற்குப் பெயர். முகத்துவாரத்துப் பக்கம் ஓடும் பள்ளத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பெயர் உண்டு. இது றெக்கைப் பாடு. சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரனின் விமானம் ஒன்று இங்கே விழுந்தது, அதை ஓட்டிய துரை உள்ளேயே இருக்கிறார் என்பது ஊருக்குத் தெரிந்த கதை. சீட்டில் இந்த இடம் விழுந்தவன் முதல் வலை கட்டும் முன் அவருக்கு ஒரு சிகரெட் போட வேண்டும். போட்டால் இறால் நிறைய வரும். போடாவிட்டால் வலை கிழியும். பீடி போடக்கூடாது. ஒருமுறை கஞ்சத்தனமாகப் பீடி போட்டவனுக்கு வலை மட்டுமல்ல, வேட்டியும் கிழிந்ததாகச் சொல்லிச் சிரிப்பார்கள்.

இந்த வருஷம் தனசேகருக்கு விழுந்தது. முதல் நாள் இறால் ஓட்டம் நன்றாக இருக்கவே அவசரத்தில் சிகரெட்டை மறந்துவிட்டான். அந்த வாரமே அவனுடைய பெண் குழந்தை காய்ச்சலில் விழுந்தது. அவன் மனைவி தனக்கோடி திருப்பாலைவனத்தில் ஒரு குறிக்காரியிடம் போய்க் கேட்டாள். தண்ணியில இருக்கிறவன் பிடிச்சிருக்கான், அவன் விடுகிற வரைக்கும் குழந்தை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது என்று குறிக்காரி சொல்லிவிட்டாள். பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னவர்களைத் தனக்கோடி வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். காலையில் அங்கமுத்து போய்ப் பார்த்தபோது குழந்தை கண்ணைத் திறக்கவில்லை. உதடு வெடித்திருந்தது. நெற்றியில் கை வைத்தவர் சுடுகல்லைத் தொட்டதுபோல எடுத்துக்கொண்டார்.

"நீ பேசு மாமா" என்றான் தனசேகர். "அவரு பாஷை ஊர்ல உனக்குத்தான் தெரியும்."

"இன்னாடா பேசறது?"

"பாப்பாவ உட்டுடச் சொல்லு. மறந்துட்டேன், வேணும்னு செய்யலன்னு சொல்லு. வலையவேணா இங்கியே அறுத்துப் போட்டுடறேன்னு சொல்லு."

அவன் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டான். அங்கமுத்து படகில் எழுந்து நின்றார். அவரிடம் இருந்தது ஒரு கைப்பிடி வார்த்தை. ரோப். பெட்ரோல். டீ. ஈஸி. சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளத்திடம் கூலி வேலை செய்தபோது அவர் கற்றது அவ்வளவுதான்.

"குட் மார்னிங்" என்றார். சூரியன் தலைக்கு நேராக இருந்தது. "ஈஸி, ஈஸி." பிறகு, எங்கிருந்தோ தானாக வந்தது: "டுமாரோ."

"டுமாரோன்னா இன்னா மாமா?"

"நாளைக்கி."

தனசேகர் கண்ணைத் திறந்தான். "நாளைக்கி உட்டுடுவாரா?"

டுமாரோ ஹாரியின் சொல். ஹாரி விமானத்தின் இன்ஜினைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக். அங்கமுத்துவுக்கு அப்போது மீசை அரும்பிய வயது. கரையிலிருந்து பெட்ரோல் டின்களையும் சாப்பாட்டையும் படகில் ஏற்றிக்கொண்டுபோய் ஏரி நடுவில் கட்டியிருந்த விமானத்தில் ஏற்றுவது வேலை. கேட்டலீனா என்பார்கள். படகுக்கு இறக்கை வைத்ததுபோல இருக்கும். தரையில் அதற்கு வேலையே இல்லை. தண்ணீரில் இறங்கும்போது ஏரியை இரண்டாக வகிர்ந்துகொண்டு வரும். முதுகில் இரண்டு பக்கமும் தவளைக்கண் மாதிரி புடைத்த கண்ணாடி. உள்ளே படுக்கை இருந்தது, அடுப்பு இருந்தது. விடியலில் கிளம்பினால் நீர்மூழ்கியைத் தேடிக் கடல்மேலேயே ஒரு பகலும் ஒரு இரவும் சுற்றிவிட்டு மறுநாள்தான் வரும். மேலே பறந்தபடியே டீ போடுவார்களாம். அந்தக் கண்ணாடியைத் துடைக்கும் வேலையும் அவருக்கு வந்தது. துடைத்து முடித்தும் உள்ளேயே உட்கார்ந்திருப்பார். ஒரு தடவை என்னையும் மேலே கொண்டுபோ என்று கையை ஆட்டி ஆட்டிக் கேட்பார். ஹாரி சிரித்துக்கொண்டு டுமாரோ என்பான். மறுநாளும் அதையே சொல்வான்.

சண்டை முடிந்தது. மற்ற விமானங்கள் போய்விட்டன. இன்ஜின் கெட்ட ஒன்று மட்டும் நின்றது. அது அமெரிக்காக்காரனிடம் வாங்கியதாம், திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இல்லாமல் ஆக்க வேண்டும் என்று பட்டாளத்துச் சமையல்காரர் தமிழில் சொன்னார். இன்ஜினைக் கழற்றினார்கள். துப்பாக்கியைக் கழற்றினார்கள். வெறும் கூடானதும் ஹாரி அங்கமுத்துவைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனான். கையில் கோடரி இருந்தது. தரைத்தகட்டை வெகுநேரம் பார்த்தான். பிறகு கோடரியை அங்கமுத்துவிடம் நீட்டிவிட்டு வெளியே போய் முதுகைக் காட்டிக்கொண்டு சிகரெட் பற்றவைத்தான். முதல் வெட்டு வழுக்கிற்று. இரண்டாவது இறங்கிற்று. அவர் நினைத்ததைப்போலத் தண்ணீர் பீறிடவில்லை. பசித்த மாடு தொட்டியில் வாய் வைப்பதுபோல அமைதியாக உள்ளே வந்தது. கூலிபோக ஒரு டப்பா சிகரெட்டும் கிடைத்தது.

அந்தச் சிகரெட்டில்தான் அடுத்த வருஷம் அந்தப் பக்கம் போகையில் ஒன்றைப் பற்றவைத்துத் தண்ணீரில் போட்டார். ஏன் போட்டார் என்று அவருக்கே தெரியாது. கூட வந்த பெரியவர் ஒருவர், இப்போது ஊர்த் தலைவனாக இருக்கும் முனியனின் நைனா, இன்னாடா இது என்று கேட்டார். நான்தான் வெட்டி முக்கினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "உள்ள ஒருத்தரு கீறாரு" என்றார். பிறகு ஊர் பார்த்துக்கொண்டது. விழுந்த நாள், துரையின் கோபம், அவர் பெண்சாதி சீமையில் அழுதது எல்லாம் தானாகச் சேர்ந்தன. பழைய இரும்புக்காரர்கள் வந்து கேட்டபோதும் ஒருவனும் தொட விடவில்லை. அங்கமுத்துவும் கதையை அப்படியே விட்டுவிட்டார். வருஷம் ஒருமுறை யாராவது சிகரெட் போட்டார்கள். மேலே சென்னையிலிருந்து கல்கத்தாவுக்குப் போகும் விமானங்கள் மாறிக்கொண்டிருந்தன. முதலில் டகோட்டா. பிறகு நாலு விசிறி வைத்த வைக்கவுண்ட். இப்போது விசிறியே இல்லாத ஜெட். பெயர்களை டீக்கடையில் பேப்பர் படிக்கக் கேட்டுத் தெரிந்துகொண்டார். எதுவும் தண்ணீரில் இறங்காது. கீழே தன் விமானம் இருக்கிறது என்பது போதுமானதாக இருந்தது.

"நாளைக்கி உட்டுடுவாரா மாமா? சொல்லு மாமா."

"சேகரு" என்றார் அங்கமுத்து. "கீழ யாரும் இல்லடா."

அவனுக்குப் புரியவில்லை. திரும்பவும் சொன்னார். "யாரும் சாவல. அது வுழவும் இல்ல. வேலை முடிஞ்சிட்டு அவங்களே முக்கிட்டுப் போனாங்க. நான்தான் கோடாலிய போட்டேன். தொரையும் இல்ல, ஒரு மயிரும் இல்ல. எழுந்து கழிய எடு. பாப்பாவ தூக்கினு பொன்னேரிக்குப் போ."

கரையில் தனக்கோடி நம்பவில்லை. குழந்தையை மாரோடு அணைத்துக்கொண்டு சுவரில் ஒட்டி நின்றாள்.

"பொய்யி. எம்பொண்ணு எல்லைய தாண்டிச் செத்தா நீ வந்து குடுப்பியா?"

"பொய்தாம்மா. நான் சொன்ன பொய். எம்மேல சத்தியம்."

அவள் வெகுநேரம் அவர் முகத்தையே பார்த்தாள். அந்த முகம் ஊரே பார்க்க அழுதுகொண்டிருந்தது. பிறகு அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினாள். செருப்பும் போடவில்லை. தனசேகர் பின்னால் ஓடினான்.

குழந்தை பிழைத்தது. டைபாய்டு, இன்னும் ஒருநாள் போயிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னாராம். திரும்பி வந்தபோது கொக்குபோல மெலிந்து, எல்லாவற்றையும் கேட்டு அழுதது. அங்கமுத்து இரண்டு நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. ஊர்க்காரர்கள் அடிக்க வருவார்கள் என்று அவருடைய மனைவி லோகாம்பாள் பயந்தாள். அவர்கள் சிரித்தார்கள். அது இன்னும் மோசமாக இருந்தது.

"த்தா, எங்க நைனா காலத்துலேந்து சீகரெட்டு போட்டுகினு கீறோம்" என்றான் முனியன். "நான் பீடி வலிக்கிறவன்யா. என் வாய்ல வெக்காத சீகரெட்ட தண்ணில வுட்டேன். எல்லாத்தையும் சேத்து வையி அங்கமுத்து, நீயே குடிச்சித் தீரு."

எல்லாரும் சிரித்தார்கள். அங்கமுத்துவும் சிரித்தார். அப்போது முனியன் சாதாரணமாக, பக்கத்திலிருந்தவனிடம் சொன்னான்: "அப்ப அது சும்மா தகரந்தானே."

பழவேற்காட்டு உமர் பாய் மறுவாரம் செயின் கப்பியோடு வந்துவிட்டார். பழைய இரும்பு, பித்தளை வாங்குகிறவர். வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தவர்.

"எல்லாம் ஏரோப்ளான் அலுமினியம்ணே" என்றார் அங்கமுத்துவிடம். "உருக்கினா தேக்சா, சட்டின்னு ஊத்தலாம். நீங்க முன்னாடியே வாயத் தொறந்திருந்தா எனக்கு இன்னொரு கட மீஞ்சூர்ல இருந்திருக்கும்."

"அது இருந்தாத்தான் இறால் தங்கும்" என்றார் அங்கமுத்து. "தண்ணி ஓட்டம் அங்க சுழிச்சிக்கும். எடுத்தா போயிடும்."

"இதையும் தொரைதான் சொன்னாரா?" என்றான் முனியன்.

யாரும் சாவல என்று சொன்ன வாய் அவருடையது.

பயம் போனதும் ஆட்கள் சிரித்துக்கொண்டே முக்குளித்தார்கள். கயிறு கட்டி, நாலு படகு சேர்த்து இழுத்தார்கள். இறக்கை தண்ணீரைவிட்டு வந்தபோது பாதி கையோடு வந்தது. உப்பு தின்றிருந்தது. தொட்ட இடமெல்லாம் வெள்ளையாகப் பொடிந்தது. உமர் பாய் விரலால் சுரண்டிப் பார்த்து வாய்க்குள் ஏதோ திட்டினார். அதற்குள் கூலி பேசியாகிவிட்டதால் மீதியையும் இழுத்தார்கள். அடிவயிறு கரையேறிற்று. தவளைக்கண் இருந்த இடத்தில் வளையம் மட்டும் இருந்தது. உள்ளேயிருந்து சேறும், கொடுவா மீன் குஞ்சுகளும், இறாலும் கொட்டின. பெண்கள் கூடையோடு ஓடினார்கள்.

அங்கமுத்து கிட்டே போனார். தரைத்தகட்டில் அந்தப் பிளவு அப்படியே இருந்தது. ஓரங்கள் உள்ளே மடங்கியிருந்தன. பக்கத்தில் முதல் வெட்டு வழுக்கிய கீறல். அதைத் தடவினார். இவ்வளவு சின்னதாகவா இருந்தது என்று நினைத்தார்.

தனசேகர் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றான். எதையோ சொல்ல வந்து, "உனக்கு எதுனா எடுத்து வெக்கட்டுமா மாமா?" என்றான்.

அவர் குழந்தையின் காலைப் பிடித்துப் பார்த்தார். குளிர்ச்சியாக இருந்தது. "வேணாம்" என்றார்.

பழவேற்காட்டிலிருந்து வந்தவர்கள் ரம்பத்தால் அறுக்க ஆரம்பித்தார்கள். ராத்திரி லோகாம்பாள் சோறு போட்டுவிட்டு, "கொழந்தைக்காகத் தான சொன்ன. சாப்புடு" என்றாள்.

"அதுக்கில்ல."

"பின்ன?"

அவர் சோற்றைப் பிசைந்தார். முதல் வருஷமே உண்மையைச் சொல்லியிருந்தால் அப்போதே விமானத்தை எடுத்திருப்பார்கள். சொல்லவேயில்லை என்றால் குழந்தை போயிருக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் கையில் கோடரி இருந்தது.

அடுத்த வருஷம் சீட்டுப் போட்டபோது றெக்கைப் பாடு அங்கமுத்துவுக்கே விழுந்தது. பெயரை யாரும் மாற்றவில்லை. முனியன் சீட்டைப் பிரித்துப் படித்ததும் யாரோ பின்னாலிருந்து, "மாமா, சீகரெட்டு மிச்சம்" என்றார்கள்.

வலை கிழியாமல் வந்தது. பிசிறுகூட இல்லை. உள்ளே கொஞ்சம் பொடி இறாலும் பாசியும். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் கட்டுவதற்கு முன்னால் அவர் படகைப் பழைய இடத்தில் நிறுத்தினார். கரையில் குறிவைத்திருந்த பனையும் கோவில் கோபுரமும் ஒரே கோட்டில் நின்றன. இடம் சரிதான். காதில் செருகியிருந்த சிகரெட்டைத் தொட்டுப் பார்த்தார், எடுக்கவில்லை. மேலே ஒரு விமானம் வடக்கே போயிற்று. அவர் நிமிர்ந்து பார்க்காமல் கழியை இரண்டு கையாலும் பிடித்து நேர் கீழாக இறக்கினார். முழங்கை நனைந்தது. தோள் நனைந்தது. படகு அவர் பக்கம் சாய்ந்தது. கழி சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டே இருந்தது.