அழுகிற இடம்

"தம்பி, படம் நாளையோட கடைசியாம். நானும் ஒருக்காப் பாத்துட்டு வரட்டா?"

மலையம்மாள் இதைக் கேட்டபோது குழந்தைவேலு கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து கிடந்தான். இரண்டு கண்களின் மேலும் ஈர நந்தியாவட்டைப் பூ. அதனால் அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. அது அவனுக்கு வசதிதான்.

"எந்தப் படம்?" என்றான், ஒன்றும் தெரியாதவன் போல.

"ஓம் படம்தான். ஊரே பாத்துருச்சு. கூடப் பொறந்தவ நான் பாக்கலைன்னா நல்லாவா இருக்கு?"

கட்டில் ஒரு தடவை கிறீச்சிட்டது.

"நீ கொட்டகைக்கு வந்தா நாலு பேரு என்னக்கா பேசுவாக? ஒன்னையப் போல இருக்கவுக யாரு போறாக அங்க?"

மலையம்மாள் பூ ஊறுகிற கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அவள் நடை சத்தம் தேய்ந்து மறைகிற வரைக்கும் குழந்தைவேலு மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தான்.

சொன்னது சாதாரண வாயில்லை. அந்தப் படத்தில் ஊர்ச்சபை நடுவே எழுந்து நின்று, "விதவையைக் கண்டு விலகி நடப்பவனே, நீ மனிதனா?" என்று கர்ஜித்த வாய். காரைக்குடிக் கொட்டகையில் அந்த இடத்தில் மணல் பறக்கக் கை தட்டினார்களாம். அதே வாயிலிருந்து இதுவும் வந்தது. வேறு வாய் வாங்கி வைத்துக்கொள்ள முடியாதல்லவா?

அவன் ரயிலிறங்கி வந்து மூன்று நாளாயிற்று. கண் இரண்டும் வீங்கிச் சிவந்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, தடவித் தடவி வீட்டுக்குள் நுழைந்தவனைத் தெருவே பார்த்தது. செட்டிமார் மாளிகைகளுக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடக்கிற சின்னத் தெரு அது. யார் வீட்டில் என்ன குழம்பு என்பது தாளிப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். "அழுதுட்டு வந்துருக்கான்" என்று முடிவு கட்டினார்கள். ஏன் அழுதான் என்பதற்கு எதிர்வீட்டுக் கருப்பம்மாள் மட்டும் நான்கு காரணம் வைத்திருந்தாள். நான்கிலும் ஒரு மதராஸ்காரி இருந்தாள்.

உண்மையில் அவன் கண்ணைக் கெடுத்தது ஸ்டூடியோ விளக்கு. நடுப்பகல் வெயிலைக் கொண்டுவந்து கூரைக்குள் கட்டித் தொங்கவிட்ட மாதிரி விளக்குகள். விசிறி போட்டால் சத்தம் மைக்கில் ஏறிவிடும் என்று விசிறி கிடையாது. முகத்தில் பூசிய சாயம் வேர்வையோடு கரைந்து கண்ணுக்குள் இறங்கும். வெளியே ஒரு காக்கை கத்தினால் மறுபடியும் முதலிலிருந்து. அந்த 'நீ மனிதனா'வையே பதினேழு தடவை கேட்டிருக்கிறான். முதல் படம் முடிந்த கையோடு அடுத்த படம். அது முடிந்த அன்று கண்ணைத் திறக்கவே முடியவில்லை. "ஊருக்குப் போய்ப் பதினைந்து நாள் இருட்டில் படு" என்று டாக்டர் அனுப்பிவைத்தார்.

இருட்டுக்கு வீடு இருந்தது. பூவுக்கு அக்கா இருந்தாள். விடிகாலையில் கொல்லையில் பறித்துத் தண்ணீரில் போட்டுவைத்து, வேளைக்கு இரண்டாக அவன் கண்ணில் வைப்பாள். ஒன்பது வருஷமாக அவள் பறிக்கிற பூவெல்லாம் சாமி படத்துக்குப் போகும். இப்போது தம்பியின் கண்ணுக்கும் போகிறது. அவள் தலைக்கு மட்டும் வழி தெரியாது.

சரி, அக்கா ஒரு படம் பார்த்தால் இவனுக்கு என்ன வந்தது?

வந்தது ஒரு பாட்டால்.

படத்தில் புருஷன் செத்த கதாநாயகி அழ வேண்டும். பாட்டு வாத்தியார் 'பிராணநாதா, பரலோகம் ஏகினையோ' என்று ஒன்று எழுதிக் கொடுத்தார். அந்த அம்மாள் பாடினாள். யாருக்கும் அழுகை வரவில்லை, கொட்டாவிதான் வந்தது. டைரக்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "உங்கள் ஊர்ப்பக்கம் எப்படித்தான் ஐயா அழுவார்கள்?" என்று பொதுவாகக் கேட்டார். ஓரத்தில் நின்ற குழந்தைவேலு தொண்டையைச் செருமிக்கொண்டு பாடிக் காட்டினான்.

பாடினது அக்காவின் அழுகை.

மலையம்மாளின் புருஷன் சோணை ரெங்கூனில் ஒரு செட்டியார் கடையில் சமையல் ஆள். கடைசியாக அவன் கப்பலேறக் கிளம்பின அன்று, குழம்பில் உப்புக் கூடிப்போயிற்று என்று புருஷன் பெண்டாட்டிக்குள் வாய்ச்சண்டை. அந்தக் கோபத்தில் "போயிட்டு வாரேன்" என்று சொல்ல வேண்டியவன், "போறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான். அவளும் திருத்தவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். ஏழாம் மாதம் தந்தி வந்தது. காய்ச்சலாம்.

ஊருக்கு முன்னால் அவள் அழுதது ஊருக்குத் தெரிந்த ஒப்பாரி. அதை யார் வேண்டுமானாலும் பாடலாம். ஆனால் காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் போனபின், ஒருநாள் மத்தியானம் மாட்டுக் கொட்டத்தில் தனியாக உட்கார்ந்து அவள் ஒன்று பாடினாள். அதைப் பசுமாடு கேட்டது. வைக்கோற்படப்புக்குப் பின்னால் நின்ற பத்தொன்பது வயசுத் தம்பியும் கேட்டான். மாடு வெளியே சொல்லவில்லை.

ஸ்டூடியோவில் லைட் தூக்குகிறவன் முதற்கொண்டு அழுதான். கதாநாயகி அழுத அழுகையில் சாயமெல்லாம் கரைந்து, அதைத் திரும்பப் பூசவே ஒரு மணி நேரமாயிற்று. டைரக்டர் அவனைக் கட்டிக்கொண்டார். இரண்டே காட்சியில் வந்துபோக இருந்தவனுக்கு அந்த ஊர்ச்சபைப் பிரசங்கம் கிடைத்ததும் அதனால்தான். பாட்டு வாத்தியார் ரெங்கூன் என்பதை மட்டும் சீமை என்று மாற்றிவிட்டு, கீழே தன் பெயரைப் போட்டுக்கொண்டார்.

இதற்குப் பிறகு குழந்தைவேலு எப்படி அக்காவைக் கொட்டகைக்குக் கூட்டிப்போவான்? அதை மறைக்கத்தான் நாலு பேரின் பேச்சை இழுத்தான். ஊர் வைத்திருக்கிற வழக்கம் அவசரத்துக்கு உதவத்தான் செய்கிறது.

பூவுக்கடியில் கண் எரிந்தது. அதைவிட இன்னொன்றும் எரிந்தது. அவன் ஒவ்வொரு தடவை மதராஸ் கிளம்பும்போதும் வீட்டில் ஒரு ஏற்பாடு நடக்கும். மலையம்மாள் தானாகவே கொல்லைப்புறம் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கருப்பம்மாள் மஞ்சள் பூசி, பூ வைத்து, நிறைகுடத்தோடு எதிரே வருவாள். அவளிடம் "போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு இவன் நடப்பான். கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தவள் அக்கா, விடைபெற்றது எதிர்வீட்டுக்காரியிடம். வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லை, அதட்டுவதற்கு ஆளில்லை. இருந்தும் ஒருநாளாவது "இங்குட்டு வந்து நில்லுக்கா" என்று அவன் சொன்னதில்லை.

மறுநாள் காலையில் கருப்பம்மாள் வந்தாள். மலையம்மாள் முற்றத்தில் நெல் குத்திக்கொண்டிருந்தாள்.

"ஏப்பா வேலு, கண்ணு எப்புடி இருக்கு? மூணுதரம் பாத்துட்டேன் ஓம் படத்தை. இன்னிக்கிச் சாயங்காலமும் போறோம், நானும் எம் மருமகளும். நீ அந்தச் சபையில பேசுறே பாரு, எங்க வீட்டுக்காரரே முண்டாசை அவுத்துட்டாரு!"

"அப்படியா மதினி" என்றான் குழந்தைவேலு. குரல் உள்ளேயே நின்றது.

"ஆனா ஒண்ணு சொல்லணும். அந்த அழுகுற எடம் இருக்கே, அதுக்குத்தான் காசு. எந்த மகராசன் கட்டுனானோ! பொம்பளைக பூராம் முந்தானைய வாயில அடைச்சுக்கிட்டு அழுகுறாளுக. எப்புடி வரும் அது…"

"மதினி, தலை வலிக்குது. நான் கொஞ்சம்…"

கருப்பம்மாளை நிறுத்த யாரால் முடியும்? ராகம் போட்டே பாடினாள்:

"சீமைக்குப் போறவரே,
படியெறங்கும் வேளையிலே
போறேன்னு சொன்னீக – ஒங்க
பொறத்தால ஓடிவந்து
வாரேன்னு சொல்லுங்கன்னு
கேக்காத பாவி நானு…"

முற்றத்தில் உலக்கை நின்றது.

கண்ணை மூடிக் கிடக்கிறவனுக்குக் காது கூர்மை. உலக்கை சுவரில் சாத்தப்படுகிற சத்தம் கேட்டது. வளையல் இல்லாத கை என்ன செய்கிறது என்று தெரியவில்லை.

"சரி, வாரேன்" என்று எழுந்த கருப்பம்மாள், வாசலில் நின்று, குரலில் கொஞ்சம் வெல்லம் சேர்த்துக்கொண்டாள். "மலையம்மா, தப்பா நெனைக்காத தாயி. சாயங்காலம் நாங்க கெளம்புறப்ப வாசப்பக்கம் வந்துறாத. நேத்து நீ குப்பை கொட்ட வந்தே, எதுக்க வந்த எம் மருமகளுக்குச் செருப்பு அந்துருச்சு."

விதவையின் கண்ணீரை நான்காம் தடவை பார்க்கப் போகிறவளுக்கு வழியில் ஒரு விதவை எதிர்ப்படக் கூடாது. நியாயம்தானே?

அவள் போனபின் மலையம்மாள் கட்டிலண்டை வந்தாள். காய்ந்த பூவை எடுத்துவிட்டு ஈரப்பூவை வைத்தாள்.

"நீ எங்குட்டுருந்துடா கேட்ட?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தான். வரவில்லை.

"படப்புக்குப் பின்னால."

"வைக்கல் எடுக்க வந்தியாக்கும்?"

"ம்."

"வைக்கலோட அதையும் எடுத்துட்டுப் போயிட்ட."

அவன் எழப் பார்த்தான். அவள் நெற்றியில் கை வைத்து அழுத்தினாள்.

"படு. பூ விழுகுது."

"அக்கா, என்னைய ரெண்டு போடு போட்டுரு. ஒண்ணும் சொல்லாம இருக்காத."

"என்னத்தைச் சொல்ல? அது ஊருக்குப் பாடல. ஒனக்கும் பாடல. செத்தவுகளுக்கும் எனக்கும் ஒரு வழக்கு, அதைப் பேசிக்கிட்டு இருந்தேன். ஊர் பூராம் தீர்ப்புச் சொல்லட்டும்னு கொண்டுபோயி வச்சுட்டே." நழுவின பூவைச் சரியாக வைத்தாள். "நேத்து சொன்னியே, நாலு பேரு பேசுவாகன்னு. அது எனக்காகச் சொன்னியா, ஒனக்காகவா?"

ஸ்டூடியோவில் வசனம் மறந்தால் எடுத்துக் கொடுக்கத் திரைக்குப் பின்னால் ஒருத்தர் இருப்பார். வீட்டில் அப்படி யாரும் இல்லை. பூவுக்கடியிலிருந்து இரண்டு பக்கமும் தண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று. ஈரப்பூவின் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம்.

சாயங்காலம் கொட்டகைப் பக்கம் ரிக்கார்டு போடுகிற சத்தம் கேட்டது. மலையம்மாள் குளித்து, வெளுத்த வெள்ளைச் சேலை உடுத்தி, தலையை வாரி முடிந்துகொண்டு, கொல்லைப் பக்கமாகப் போகாமல் நேரே வாசலுக்கு வந்தாள். குழந்தைவேலு பூவைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"நானும் வாரேன்க்கா."

"ஒனக்கு வெளிச்சம் ஆகாது. படு." படியில் ஒரு கால் வைத்து நின்றாள். திரும்பினாள். "போயிட்டு வாரேன்."

ஒன்பது வருஷமாக அந்த வீட்டில் அவளிடம் யாரும் சொல்லாத சொல்.

"போயிட்டு வாக்கா."

கூசின கண்ணோடு வாசல்வரை வந்து நின்று சொன்னான். பதினேழு தடவை எடுக்கவில்லை; ஒரே தடவைதான்.

அதே நேரம் எதிர்வீட்டிலிருந்து கருப்பம்மாளும் மருமகளும் தலைநிறைய மல்லிகையோடு படியிறங்கினார்கள். தெரு நடுவில் மலையம்மாள் வந்துகொண்டிருந்தாள். ஒதுங்கவில்லை, குனியவில்லை. மாமியார் மருமகள் இருவரும் சுட்டது போல நின்றார்கள். திரும்பி உள்ளே போய், தண்ணீர் குடித்து, சகுனம் மாறட்டும் என்று உட்கார்ந்தார்கள். கருப்பம்மாள் எட்டிப் பார்த்தபோது தெரு காலியாக இருந்தது. ஆனால் அவளுக்கு மனசு ஒப்பவில்லை. இன்னொரு செம்பு குடித்தாள். இப்படி மூன்று செம்பு குடித்துப் போய்ச் சேர்வதற்குள் பாட்டு முடிந்து, கதாநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாளாம்.

மறுநாள் காலையில் கருப்பம்மாள் வாசலில் வந்து நின்று பொரிந்தாள்.

"கடைசி ஆட்டம் போச்சே! அழுகுற எடத்துக்காகவே போனேன். ஓம் மூஞ்சியில முழிச்சு அதுவும் இல்லாமப் போச்சு. இனிமே நான் எங்க போயி அந்தப் பாட்டைக் கேக்குறது?"

மலையம்மாள் உலக்கையைக் கீழே வைத்தாள்.

"ஒக்காருங்க மதினி. நான் பாடுறேன். ஆனா அதுல ஒரு எடம் தப்பு. சீமை இல்ல. ரெங்கூனு."

கருப்பம்மாள் வாயைத் திறந்தாள். அந்தத் தெருவில் ரெங்கூன் போய்த் திரும்பாதவன் ஒருவன்தான். அவன் பேரும் அவளுக்குத் தெரியும்; தந்தி வந்த அன்று இதே மலையம்மாளின் வளையலை உடைக்கக் கை பிடித்தவளும் அவள்தான். திறந்த வாய் மூடவில்லை.

"அடுப்புல பால் வச்சுட்டு வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே ஓடினாள்.

மலையம்மாள் அவளுக்காகக் காத்திருக்கவில்லை. முற்றத்துச் சுவரில் சாய்ந்து, யாரையும் பார்க்காமல், ரெங்கூனிலிருந்து ஆரம்பித்தாள். குழந்தைவேலு கண்ணிலிருந்த பூவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, எழுந்து வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். இந்தத் தடவை படப்பு எதுவும் நடுவில் இல்லை.

எதிர்வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது. கொஞ்ச நேரத்தில் பால் பொங்கித் தீய்ந்த வாடை தெரு முழுக்க அடித்தது. கதவுக்குப் பின்னால் நின்றவளுக்கு அதை இறக்கி வைக்கத் தோன்றவில்லை போலிருக்கிறது.