தடிக்கு முக்காத குதிரை

காப்பர் பிஷப் என்ற குதிரையின் முதுகை வைக்கோல் சுருணையால் தேய்த்துத் தேய்த்து, அதைப் பார்த்துக்கொள்ளும் ஈனக்குக்குத் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. ஹங்கேரிக்காரர்கள் குதிரையை வாங்கிவிட்டார்கள். அடுத்த வாரம் ஹல் துறைமுகத்தில் கப்பலேற்ற வேண்டும். அதுவரை அதன் மேல் ஒரு தூசி தெரியக்கூடாது என்று முதலாளி ஃபென்டன் கறாராகச் சொல்லியிருந்தார். குதிரையோ சாவகாசமாக ஈனக்கின் தொப்பியைக் கடித்து இழுத்தது.

"விடுடா மகாராசா! நீ பாட்டுக்குக் கப்பலேறிப் போயிருவ. இங்க கிடந்து முழிக்கப் போறவன் நான்ல."

மூன்று வயதில் யார்க் பந்தய மைதானத்தில் பிஷப் ஜெயித்தபோது கடிவாளம் பிடித்துக் கூட்டிவந்தவன் ஈனக்தான். கூட்டம் ஞாபகத்துக்கென்று அதன் வாலிலிருந்து மயிரைப் பிய்த்துக்கொண்டு ஓடியது. மறு வருஷம் டான்காஸ்டரில் எல்லாம் கெட்டது. கடைசி அரை மைலில் குதிரையின் தொண்டையிலிருந்து ரம்பம் அறுப்பதுபோல ஓர் இரைச்சல் கிளம்பியது. தகப்பனிடமிருந்து குட்டிக்கு இறங்குகிற சீக்கு அது. வெளியே தெரிந்தால் அப்புறம் எவன் தன் பெட்டையை இதனோடு சேர்க்கக் கொண்டுவருவான்? ஃபென்டன் ஒன்றும் ஆகாத முன்னங்காலுக்குக் கட்டுப் போடச் சொன்னார். கால் பிசகிவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. அத்தோடு பந்தயம் முடிந்து பிஷப் பொலிகுதிரை ஆனது.

பொலிக்கு விடுவதற்கு முன்னால் கனவான்கள் சோதிக்க வந்தார்கள். சோதனை எந்த ஊரிலும் ஒன்றுதான். குதிரையைச் சுவரோரம் நிறுத்தி, விலாவில் போடப்போவதுபோல் தடியை ஓங்குவார்கள். தொண்டை கெட்ட குதிரை திடுக்கிட்டு 'ஹுக்' என்று முக்கிவிடும். பிஷப் முக்கவில்லை. எப்படி முக்கும்? அந்தக் குளிர்காலம் முழுக்க ஈனக் ஒரு கையால் தடியை ஓங்கி, மறு கையால் காரட் ஊட்டியிருந்தான். தடியைக் கண்டாலே அதற்கு எச்சில் ஊறியது. கனவான்கள் திருப்தியாகப் போனார்கள். ஃபென்டன் ஈனக்கின் முதுகில் தட்டி, "உனக்கு வேண்டியவங்க பெட்டை ஒண்ணைக் கொண்டுவா, சும்மாவே விட்டுக்கலாம்," என்றார்.

சேதி தெரிந்ததும் ஈனக்கின் மனைவி ஹன்னாவின் தம்பி ஜெத்ரோ தன் பெட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்துவிட்டான். கல்லுடைப்பிலிருந்து கல் வண்டி இழுக்கும் பெட்டை. அவனிடம் இருந்த ஒரே சொத்து. வேண்டாமென்று சொல்ல ஈனக் வாயெடுத்தான். ஏன் என்று கேட்டால்? விஷயம் வெளியே போனால் வேலை போகும், வேலையோடு இருக்கிற வீடும் போகும். தாய்க்கு நல்ல தொண்டை, குட்டிக்கும் அதுவே வந்துவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

அந்தக் குட்டிக்கு இப்போது நாலு வயது. ஜெத்ரோ வீட்டில் பிள்ளைகளுக்கு ஓட்ஸ் குறைந்த நாள் உண்டு, அதற்குக் குறைந்ததில்லை. அதைப் பார்க்க இன்று மத்தியானம் லீட்ஸிலிருந்து வேட்டைக்குதிரை வாங்கும் கிரிபிள் வருகிறார். குட்டி விலைபோனால்தான் வண்டிக்கு வேறு குதிரை. பெட்டைக்கு முழங்கால் வீங்கிக் கிடந்தது, இன்னொரு குளிர்காலத்தைத் தாங்காது.

"மச்சான், நீ பிடிச்சு நின்னாத்தான் அவன் அடங்கி நிப்பான்," என்று ஜெத்ரோ தன் கொட்டகை வாசலில் வைத்துக் கடிவாளத்தை ஈனக்கின் கையில் திணித்தான். சட்டையை மாற்றி, தலையில் தண்ணீர் தடவிச் சீவி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றான்.

கிரிபிள் குட்டியின் பல்லைப் பார்த்தார். கால்களைத் தடவினார். "அடடா, என்னமா வளத்திருக்க!" என்றார். ஜெத்ரோவுக்கு வாயெல்லாம் பல். அப்புறம் கிரிபிள் குட்டியைச் சுவரோரம் தள்ளி, தடியை ஓங்கினார்.

'ஹுக்.'

"போச்சு," என்றார் கிரிபிள். "இது இரைச்சல்காரனப்பா. எனக்கு வேண்டாம்."

"ஐயா, அது காப்பர் பிஷப் குட்டிங்க! சளி பிடிச்சிருக்கும்."

"சளியா? யாருகிட்டப்பா கதை விடுற? பிஷப்பைச் சோதிச்சப்ப நான் கூட நின்னேன், சுத்தமான தொண்டை. கோளாறு உன் கிழட்டுப் பெட்டையோடது." அவர் ஈனக் பக்கம் திரும்பினார். "நீ பிஷப்போட ஆள்தானே? நீயே சொல்லு."

ஈனக் கடிவாளத்தைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டான். ஜெத்ரோ அவன் முகத்தையே பார்த்தான்.

"பிஷப் தொண்டை சுத்தம்ங்க," என்றான் ஈனக்.

கிரிபிள் போனதும் ஜெத்ரோ நேரே கொட்டகைக்குள் நுழைந்தான். பெட்டை அவனைக் கண்டதும் தலையை நீட்டியது. அந்த முகத்தில் ஓங்கி ஓர் அறை விட்டான். "சனியனே! என் பிள்ளைங்க வாயில மண்ணப் போட்டுட்டியே!" பெட்டை பின்வாங்கவும் இடமில்லாமல் சுவரோடு ஒண்டியது. அவன் மறுபடி கையை ஓங்கினான்.

"அடிக்காதடா!" ஈனக் பாய்ந்து அவன் கையைப் பிடித்தான். "அவ மேல தப்பில்ல. பிஷப்தான் இரைச்சல்காரன். காரட்டக் குடுத்துக் குடுத்துத் தடிக்குப் பழக்கினது நான்தான். உன்கிட்ட மறைச்சதும் நான்தான்."

ஜெத்ரோ ஓங்கிய கையைத் தொங்கவிட்டான். பெட்டையின் கன்னத்தைத் தடவிக் கொடுத்தான்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரிஞ்சா உன் மூஞ்சில முழிக்க மாட்டா." அவன் மூலையிலிருந்த தடியை எடுத்து ஈனக்கின் மார்பில் வைத்து அழுத்தினான். "தகப்பனுக்குச் சொல்லிக்குடுத்தல்ல? மகனுக்கும் சொல்லிக்குடு."

"இன்னொருத்தன் தலையில கட்டவா? பாவம்டா."

"என் தலையில கட்டுனப்ப உனக்குப் பாவமாத் தெரியலயா, மச்சான்?"

அன்றைக்கே ஈனக் தடியையும் காரட்டையும் எடுத்துக்கொண்டு குட்டியிடம் போனான். பிஷப் புதுக் கம்பளி போர்த்திக் கப்பலேறிய நாளில்கூட, வேலை முடிந்து நேரே ஜெத்ரோவின் கொட்டகைக்குத்தான் வந்தான். குட்டி அதன் தகப்பனை விடச் சீக்கிரமாகக் கற்றுக்கொண்டது.

மால்டன் சந்தையில் அதை வாங்கியவன் ஓபெட் என்ற தபால்காரன். மேட்டு ஊர்களுக்கெல்லாம் தபால் மூட்டை சுமந்த அவன் குதிரை போன குளிர்காலத்தில் செத்துப்போயிருந்தது. வேறு குதிரை இல்லையென்றால் பிழைப்பு இல்லை. அவன் தடியை ஓங்கியபோது குட்டி அவன் சட்டைப் பையை மோந்து நக்கியது. ஓபெட்டுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"அட கள்ளா! அடிக்க வந்தவன்கிட்டயே தீனி கேக்குறியே!" என்றவன் ஈனக்கின் கையைப் பிடித்துக் குலுக்கினான். "அண்ணே, நீங்கதான பிஷப்பப் பார்த்துக்கிட்டவரு? பெரிய குதிரையெல்லாம் நமக்கு எதுக்குன்னு பயந்துக்கிட்டேதான் வந்தேன். நீங்க பக்கத்துல நிக்கவும் தைரியம் வந்துச்சு."

"பார்த்துப் போங்க," என்றான் ஈனக்.

செத்த குதிரையின் சேணத்தையே ஓபெட் குட்டிக்குப் பூட்டி ஏறிக்கொண்டான். சந்தையைத் தாண்டியதும் சாலை மேடேறுகிறது. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தது. பாதி மேட்டில் குட்டியின் தொண்டையில் ரம்பம் அறுக்கத் தொடங்கியது. ஜெத்ரோ சட்டென்று திரும்பி, கூட வந்திருந்த பெட்டையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டான்.

ஓபெட் குட்டியை நிறுத்தினான். இறங்கி, காது கொடுத்துக் கேட்டான். சேணத்தின் வயிற்றுவாரை இறுகக் கட்டிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. அதைத் தளர்த்தி, குட்டியின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தான். அப்புறம், ஒன்றுமில்லை என்பதுபோல், கீழே நின்ற ஈனக்கைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றி ஆட்டினான்.

ஈனக்கும் கையைத் தூக்கி ஆட்டினான்.