கெட்டுப்போன கையெழுத்து

நோட்டு பறந்து வந்து அடுக்களை வாசலில் அவள் காலடியில் விழுந்தது.

"எடுத்துப் பாரு. உன் பொண்ணு எழுதியிருக்கிற லட்சணத்தைப் பாரு!"

கணவனுக்கு, மகள் நன்றாக எழுதினால் "என் பொண்ணு", மோசமாக எழுதினால் "உன் பொண்ணு". அந்த வீட்டின் இலக்கணம் அது. அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்தாள்.

நான்காம் வகுப்புப் படிக்கும் மகள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றாள். போன மாதம் வரைக்கும் அவள் எழுத்தைப் பார்த்தவர்கள் அச்சடித்ததோ என்று கேட்டார்கள். இப்போது எழுத்துகள் கோட்டுக்கு மேலே சில, கீழே சில என்று, மழைக்குக் கலைந்த கூட்டம்போல ஆளுக்கொரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தன. அடியில் தலைமையாசிரியர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: பெற்றோர் வந்து பார்க்கவும்.

"பொம்பளப் பிள்ள எழுத்தா இது? நாளைக்கு யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க? வீட்டுல அம்மான்னு ஒருத்தி இருக்காளா இல்லையான்னு கேக்க மாட்டாங்க?"

அப்பா என்று ஒருவர் இருக்கிறாரா என்று யாரும் கேட்பதில்லை. அவள் அதைச் சொல்லவில்லை. விழுங்கிப் பழகிய தொண்டை.

"நாளைக்கு நீங்க போய் என்னன்னு கேட்டுட்டு வந்துடுங்களேன்."

"எனக்கு ஆபீஸ் இருக்கு."

அவளுக்கு மருந்துக்கடை இருந்தது. காலையிலிருந்து பொழுது சாயும்வரை நின்றபடியே பார்க்கும் வேலை. ஆனாலும் அது ஆபீஸில் சேர்த்தியில்லை. தெருவில் அவளுக்கு மருந்துக்கடைக்காரி என்றே பெயர். ஊரிலேயே பெரிய டாக்டர் எழுதுகிற சீட்டை அவள் ஒருத்தியால்தான் படிக்க முடியும். செத்த பூச்சியை மையில் தோய்த்து இழுத்துவிட்ட மாதிரி எழுதுவார். அவரைப் பார்த்து யாரும் உங்கள் அம்மா உங்களை வளர்த்த லட்சணமா இது என்று கேட்டதில்லை. கைகூப்பிக் காசு கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அவளுடைய எழுத்தோ முத்து முத்தாக இருக்கும். அதனால் அவளுக்கு வாய்த்தது என்ன? கணவனின் பதவி உயர்வு மனுவை எழுதிக் கொடுத்தது அவள். அவன் தம்பியின் வேலை விண்ணப்பங்களை, அவன் அக்கா வீட்டு விசேஷ அழைப்புகளை எல்லாம் எழுதிக் கொடுத்தது அவள். "உன் கையெழுத்து மாதிரி வருமா!" என்று ஒரு வார்த்தை சொல்லிக் காகிதத்தை நீட்டுவார்கள். பக்கம் முழுக்க அவள் கையெழுத்து. கீழே போடுகிற கையெழுத்து மட்டும் அவனுடையது. உயர்வும் அவனுக்குத்தான் வந்தது.

அவன் தொலைக்காட்சியின் முன்னால் போய் உட்கார்ந்ததும் மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"எழுது பாக்கலாம். 'மழை'ன்னு எழுது."

மகள் எழுதினாள். 'ம' அழகாக வந்தது. 'ழ'வின் வளைவும் வழுவழுவென்று இறங்கியது. அப்புறம் அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தாள். சட்டென்று வாலைப் பிடித்து இழுத்ததுபோலப் பென்சிலைக் கோணலாக இழுத்தாள்.

எழுத வராத கை எது, எழுத மறுக்கிற கை எது என்று தாய்க்குத் தெரியாதா?

"கை வலிக்குதாடி?"

"இல்ல."

"கண்ணு சரியாத் தெரியலையா?"

"தெரியுதும்மா."

"அப்புறம் ஏன்?"

மகள் உதட்டை இறுக்கிக்கொண்டு அடுத்த வரியையும் அக்கறையாகக் கெடுத்தாள்.

மறுநாள் மருந்துக்கடை முதலாளியிடம் கெஞ்சி ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். விளையாட்டு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மைதானம் முழுக்கப் பையன்கள். விளையாட்டு ஆசிரியர் கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டு நிழலில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார். அத்தனை பையன்களுக்கு நடுவில் விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய சில பெண் பிள்ளைகள். அதில் ஒன்று பின்னல் அவிழ்ந்து, சாக்ஸ் ஒன்று இறங்கி, வாயைப் பிளந்துகொண்டு, யாரோ அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

தன் பிள்ளைதான் அது என்று புரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. மகள் ஓடி அவள் பார்த்ததேயில்லை. வீட்டில் ஓடினால் "பொம்பளப் பிள்ள தடதடன்னு நடக்காதே" என்று ஒரு குரல் வரும். சில சமயம் அது அவள் குரலாகவே இருக்கும்.

அண்ணாந்து பார்த்தாள். மாடி அறை ஜன்னலில் குனிந்த தலைகள் வரிசையாகத் தெரிந்தன. எல்லாம் பின்னல் போட்ட தலைகள்.

அம்மாவைக் கண்டதும் மகள் ஓட்டத்தை நிறுத்தினாள். முகம் செத்துப்போயிற்று.

"மத்தப் பொண்ணுங்கெல்லாம் மாடியில என்னடி பண்றாங்க?"

"எழுதறாங்க."

"விளையாட்டு பீரியட்லயா?"

"எப்பவுமே அப்படித்தாம்மா. கையெழுத்து நல்லா இருக்கிற பொண்ணுங்க மாடிக்குப் போய் ஹெட்மாஸ்டர் சாருக்கு எழுதித் தரணும். நோட்டீஸ், அழைப்பு, எல்லாம். அசிங்கமா எழுதினா, 'நீ எதுக்கும் லாயக்கில்ல, கீழ போய் ஓடு'ன்னு அனுப்பிடுவாங்க." மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "அதான்..."

அந்த 'அதான்' என்ற ஒரு சொல்லில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒன்பது வயதுப் பிள்ளை கண்டுபிடித்ததை, இத்தனை வயதாகியும் தான் கண்டுபிடிக்கவில்லையே என்று இருந்தது. மனு எழுதச் சொன்ன அன்றே வாலை இழுத்துவிட்டிருக்கலாம்!

"பசங்கள்ல நல்லா எழுதறவங்க இல்லையா?"

"பசங்க எழுத்தை யாரும்மா பாத்தா?"

தலைமையாசிரியர் இனிமையான மனிதர். யாரையும் திட்டமாட்டார், பாராட்டியே வேலை வாங்கிவிடுவார். மேஜைமேல் இருந்த பார்வையாளர் பதிவேட்டில் அவள் எழுதியதைப் பார்த்தார். அவர் கண் விரிந்தது.

"இது நீங்க எழுதினதாம்மா? அடடா, மணி மணியா இருக்கே! அம்மா இப்படி எழுதும்போது பொண்ணு எப்படிம்மா கெட்டுச்சு? முன்னெல்லாம் அவதான் எனக்கு வலது கை."

"அவளுக்கு விளையாடணுமாம் சார்."

"விளையாட்டா?" அவர் சிரித்தார். குழந்தை நிலாவைக் கேட்டால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. "பசங்க ஓடியே ஆகணும்மா. ஒரு இடத்துல உக்கார வெச்சா வகுப்பையே பிரிச்சு மேஞ்சிடுவாங்க. பொண்ணுங்க அப்படியா? உக்காருன்னா உக்காருவாங்க. அவங்க குணமே அது. நாளைக்கு ஓடி ஆடியா பிழைக்கப் போறாங்க? கையெழுத்துதான்மா கூட வரும்."

மேஜையில் கெட்டி அட்டையில் வழவழவென்று ஒரு கட்டு இருந்தது. வெள்ளிக்கிழமை நடக்கவிருந்த விளையாட்டு விழாவுக்கான சான்றிதழ்கள். ஒரு மூலையில் தாளாளர் புகைப்படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். நடுவில் 'ஓட்டப்பந்தயத்தில் வெற்றி பெற்ற செல்வன்' என்று அச்சிட்டு, பெயருக்கு இடம் விட்டிருந்தது.

"பொண்ணுங்களுக்குத் தனியா அடிச்சிருக்கீங்களா சார்?"

"அவங்களுக்கு எதுக்கும்மா? அவங்களுக்குத்தான் கையெழுத்துப் போட்டி வெச்சிருக்கோமே."

"அதுக்குச் சான்றிதழ்?"

"கைதட்டல் உண்டு!" என்றார் அவர், பெரிய நகைச்சுவை சொன்னவர்போல. அப்புறம் குரலைத் தேனாக்கிக்கொண்டார். "வந்ததுதான் வந்தீங்க. மாடியில பிள்ளைங்க பங்கேற்புச் சான்றிதழ் எழுதிக்கிட்டிருக்காங்க. இந்தக் கட்டுல தேதியும் பள்ளி பேரும் மட்டும் உங்க கையால போட்டுக் குடுத்துட்டீங்கன்னா புண்ணியமாப் போகும். நான் வகுப்புகளை ஒரு சுத்து பாத்துட்டு வந்துடறேன்."

அவள் தலையாட்டினாள். அவர் திருப்தியாக வெளியே போனார். பெண் பிள்ளை உட்காரு என்றால் உட்காருவாள் என்பதற்கு இதோ ஒரு வளர்ந்த சாட்சி!

அவள் உட்கார்ந்தாள். பேனாவைத் திறந்தாள். தேதி போட்டாள், பள்ளியின் பெயர் போட்டாள், ஒன்றுகூடக் கோணாமல். அதோடு கட்டின் சரிபாதியைப் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றிலும் 'செல்வன்' என்பதில் கடைசி எழுத்தை ஓங்கி ஒரு கோடு போட்டு அடித்தாள். முந்தைய 'வ'வின் தலையில் ஒரு கொக்கி போட்டாள். செல்வி. அடுத்தது. செல்வி. அடுத்தது. பாதிக் கட்டு முடியும்வரை கை நிற்கவில்லை.

தலைமையாசிரியர் திரும்பி வந்து முதல் அட்டையை எடுத்துப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். இனிமை எங்கோ போய்விட்டது.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்கீங்க? உங்களுக்கென்ன மூளை கலங்கிடுச்சா?"

"எழுதச் சொன்னீங்க, எழுதிட்டேன் சார். பேரு மட்டும்தான் பாக்கி. பொண்ணுங்க ஓடி முடிச்சதும் போட்டுக்கலாம்."

அவருக்கு வந்த கோபத்துக்கு அவளை என்ன வேண்டுமானாலும் செய்திருப்பார். ஆனால் தாளாளர் சொந்தச் செலவில், சொந்தப் படம் போட்டு அடித்துக் கொடுத்த அட்டை. பாதி பாழ் என்று அவர் முன்னால் போய் நிற்க முடியுமா? யோசித்து யோசித்து நெற்றி வியர்த்தது.

அப்படித்தான் அந்தப் பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகளுக்கு ஓட்டப்பந்தயம் வந்தது. யாருக்கும் நியாய உணர்வு பிறந்துவிடவில்லை. அட்டை வீணாகக்கூடாது என்ற கவலைதான். விழா மேடையில் தலைமையாசிரியர், பெண் குழந்தைகளையும் ஓட வைப்பது தன் நெடுநாள் கனவு என்று பேசினார். தாளாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் கணவனும் முன்வரிசையில் உட்கார்ந்து கை வலிக்கத் தட்டினான். மகள் மூன்றாவதாக வந்து அட்டையை வாங்கிக்கொண்டு ஓடிவந்தபோது, "என் பொண்ணு" என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் காட்டினான். அட்டையை உற்றுப் பார்த்ததும் முகம் சுளித்தான்.

"எவன் இதை இப்படி அசிங்கமா அடிச்சு வெச்சிருக்கிறது?"

"நான்தாங்க," என்றாள் அவள்.

அவன் அவளைப் பார்த்தான். பக்கத்து நாற்காலிக்காரரும் பார்த்துக்கொண்டிருந்ததால் வாயை மூடிக்கொண்டான்.

விழா முடிந்த மறுவாரமே தலைமையாசிரியர் பழையபடி மாடி அறையைத் திறந்து வைத்தார். அவர் மகளுக்குக் கல்யாணம். உறைகள்மேல் முகவரி எழுத வேண்டும். நல்ல கைகளைத் தேர்ந்தெடுக்க எல்லா வகுப்பிலும் பெண் பிள்ளைகளை ஒரு பக்கம் எழுதச் சொன்னார். பார்த்தால், அந்தப் பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகள் அத்தனை பேரின் கையெழுத்தும் ஒரே நாளில் கெட்டுப்போயிருந்தது. காய்ச்சல் தொற்றின மாதிரி வகுப்பு வகுப்பாகப் பரவியிருந்தது. 'ழ' எழுதினால் வால் கோட்டைத் தாண்டி அடுத்த பக்கத்துக்குப் போனது. யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டார். மைதானத்தில் விசில் ஒலித்தது; எல்லாம் கீழே ஓடிவிட்டன.

கடைசியில் தலைமையாசிரியர் தானே உட்கார்ந்து முகவரிகளை எழுதினார். பாதி உறைகள், என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க முடியாததால் அவருக்கே திரும்பி வந்தன.