ஜாடிக்கு ஏற்ற பசை

எடையளவு ஆய்வாளராக முப்பத்திரண்டு ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவரைத் தெருவில் எல்லோரும் தராசு என்றுதான் சொல்வார்கள். காதுபடச் சொல்வதில்லை, சொல்லியிருந்தாலும் அவர் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டிருப்பார். அந்தத் தராசுதான் வெள்ளிக்கிழமை நண்பகலில், வேறு யாரையும் தொடவிடாமல் தாமே கழுவும்போது, குடும்பத்தின் பீங்கான் ஜாடியைத் தண்ணீர்க் குழாயில் இடித்தார். பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. விளிம்பில் உள்ளங்கை அகலத் துண்டு ஒன்று கையோடு வந்துவிட்டது.

அது தாத்தாவின் நேர்மையை மெச்சி மேலதிகாரி கொடுத்த ஜாடி. பெரியவர் வீட்டில் இரண்டு ஆண்டு, சின்னவரான தராசு வீட்டில் இரண்டு ஆண்டு என்று மாறி மாறி இருக்க வேண்டும். யார் கையில் உடைகிறதோ அவர் வழியினருக்கு அதன்மேல் பிறகு உரிமை கிடையாது. தாத்தா எழுதிவைத்தது இது. ஒப்படைக்கும் நாளில் வெள்ளைத் துணிமேல் ஜாடியை வைத்து, விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, இரு குடும்பமும் பதினைந்து நிமிடம் சுற்றி உட்கார்ந்து துணியையே பார்ப்பது வழக்கம். இதுவரை துணி நனைந்ததில்லை. "எங்க குடும்பத்துல ஒரு சொட்டு ஒழுகினதில்ல" என்று தராசு சொல்லாத ஆள் தெருவில் இல்லை.

இந்த முறை ஒப்படைக்கும் நாள் ஞாயிறு, மாலை நாலு மணி.

மனைவி துண்டைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். "அண்ணன்கிட்ட சொல்லிடுங்க."

"சொல்லிட்டு? நாளைக்கு நம்ம பிள்ளைக எந்த முகத்த வச்சுக்கிட்டு அந்த வீட்டுக்குப் போகும்?" என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குக் கிளம்பினார்.

கடைக்காரம்மா கெட்டிக்காரி. "பசையா? எதுல எத ஒட்டணும் ஐயா?"

இதுதான் சிக்கல். பீங்கான் என்று சொன்னால் ஜாடி என்று அந்தம்மாவே முடித்துக்கொள்வாள். ஜாடியின் புகழை அந்தக் கடை வாசலிலேயே நின்று பரப்பியவர் இவர்தானே.

"செருப்பு" என்றார்.

"செருப்பா? அப்ப ரப்பர் பசை. ரெண்டு பக்கமும் தடவி, கொஞ்சம் காயவிட்டு அழுத்துங்க. நல்லா வளையும்."

வளைய வேண்டிய அவசியம் ஜாடிக்கு இல்லை. பழுப்பாகப் பூசிய பசையில் துண்டு பல் ஆடுவதுபோல் ஆடியது. சனிக்கிழமை காலை மறுபடியும் போனார்.

"செருப்பு ஒட்டலையா ஐயா?"

"அது ஒட்டிருச்சு. இது நாற்காலி. மரம்."

"வெள்ளைப் பசை எடுத்துக்கோங்க. மரம் பசையக் குடிக்கும், அதான் பிடிக்குது. குடிக்காத சாமானுக்கு இது ஆகாது. தண்ணி மட்டும் படாம பாத்துக்கோங்க."

கேட்டுக்கொண்டே தலையாட்டினார். தண்ணீருக்காகவே பிறந்த ஜாடிக்குத் தண்ணீர் படக்கூடாத பசை. இருந்தாலும் எடுத்துக்கொடுத்த பசையை வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாளே. வீட்டில் ஒட்டிப் பார்த்தார்; ஒரு மணி நேரம் கழித்து ஈரக்கையால் தொட்டார்; பால்போல் வழிந்தது.

"குடுங்க இப்படி" என்று மனைவி பையை வாங்கிக்கொண்டு தாமே போனார். கால்மணி நேரத்தில் இரண்டு ட்யூப் உள்ள அட்டையோடு திரும்பினார். "பீங்கானுக்கு இதுதானாம். ரெண்டையும் சரிக்குச் சரி கலந்து தடவி, ஒரு நாள் பூரா தொடக்கூடாதாம். பழைய பசை துளிகூட இருக்கக்கூடாதாம். தண்ணி நின்னாலும் விடாதாம்."

தராசுக்கு முகம் சுருங்கியது. "பீங்கான்னு சொல்லிட்டியா?"

"கக்கூஸ் பீங்கான் விரிசல்னு சொன்னேன்."

"நம்ம வீட்டுக் கக்கூஸா?"

"பின்ன, பக்கத்து வீட்டுக் கக்கூஸுக்கா நான் பசை வாங்குவேன்? ஜாடின்னு சொல்லட்டுமா, இப்பவே போயி?"

தராசு அட்டையை வாங்கிப் பார்த்தார். குடும்ப மானத்துக்கும் ஒரு எடை வரிசை உண்டு. கக்கூஸைவிட ஜாடி கனம்.

பழைய பசையை எடுக்க ஜாடியை வெந்நீரில் ஊறவைத்து, பழந்துணியால் தேய்த்தார். அரைமணி நேரத்தில் விளிம்பு சுத்தமானது. ஆனால் தூக்கும்போது அடிப்பக்கத்திலிருந்து வேறொரு துண்டு கழன்று தொட்டிக்குள் விழுந்தது.

இருவரும் குனிந்து பார்த்தார்கள். அந்தத் துண்டின் ஓரமெல்லாம் மஞ்சளேறிய கெட்டிப் பசை. சொட்டு விட்டவுடன் ஒட்டுகிறதே, அந்தச் சாதிப் பசை. குளிர்ந்த நீருக்குக் கொஞ்ச காலம் தாங்கும். வெந்நீருக்குத் தாங்காது.

"இது நான் உடைக்கல" என்றார் தராசு.

"நீங்க உடைச்சது மேல. இது கீழ. உங்க அண்ணன் வேலை. அவசரத்துல ஒட்டியிருக்காரு, பாருங்க, கோணலா."

தராசுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. தாத்தாவின் எழுத்தை மீறி, ஒட்டுப்போட்ட ஜாடியை அண்ணன் இவர் தலையில் கட்டியிருக்கிறார். நாளைக்கே எல்லார் முன்னாலும் இந்தத் துண்டை எடுத்துக் காட்டவேண்டும் என்று எழுந்தார். இரண்டு எட்டு வைத்தபிறகுதான், கீழ்த்துண்டைக் காட்டினால் மேல்துண்டையும் காட்டவேண்டிவரும் என்று உறைத்தது. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு, பழைய உத்தியோகக் கைப்பழக்கத்தோடு, கண்ணாடித் தட்டின்மேல் இரண்டு பசையையும் ஒரே நீளத்துக்குப் பிதுக்கினார். ஒரு மயிரிழை கூடியதை வழித்தெறிந்தார். முதலில் அண்ணன் உடைத்ததை ஒட்டினார், கோணல் இல்லாமல். பிறகு தம்முடையதை. துணிப்பட்டையால் இறுக்கிக் கட்டிவிட்டு, அறையைப் பூட்டிச் சாவியை மடியில் வைத்துக்கொண்டார்.

ஞாயிறு நாலு மணிக்கு அண்ணன் குடும்பத்தோடு வந்தார். கூடத்தில் வெள்ளைத் துணி விரித்தாயிற்று. ஜாடியும் வந்தது. தராசு செம்பைத் தூக்கியதும் அண்ணன் கையை நீட்டித் தடுத்தார்.

"தண்ணியெல்லாம் எதுக்குடா? உன்ன நம்பாம வேற யார நம்புறது?"

இவ்வளவு காலத்தில் அண்ணன் தம்மை நம்பியது இதுவே முதல் தடவை. அதன் காரணம் தராசுக்கு மட்டும் தெரியும். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் இருவருமே தப்பலாம். ஆனால் இருபத்தாறு மணி நேரம் தொடாமல் காத்த வேலை. அதை யாரும் சோதிக்காமல் போவது அவருக்குப் பொறுக்கவில்லை.

"வழக்கம்னா வழக்கம்தான் அண்ணே" என்று விளிம்புவரை ஊற்றினார்.

அண்ணன் துணியின் ஓரத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். மூன்றாவது நிமிடத்தில் நெற்றியைத் துடைத்தார். எட்டாவது நிமிடத்தில் தொண்டையைச் செருமி, "துணி கொஞ்சம் பழசோ, நனைஞ்சா முன்னயே இருந்த ஈரமா இருக்கலாம்" என்றார், துணி நனையாமலே. பதினைந்து நிமிடம் முடிந்தது. துணி மல்லிகைப் பூவாக இருந்தது.

தண்ணீரைக் கொட்ட இருவருமாக ஜாடியைத் தொட்டிக்குத் தூக்கிப்போனார்கள். கவிழ்த்தபோது அண்ணனின் கட்டைவிரல் அடிப்பக்கத்தில், சரியாக அந்த இடத்தில் தடவிப் பார்த்தது. பிறகு விளிம்புக்கு ஏறியது. அங்கே நின்றது.

"என்ன பசைடா?" என்றார், குழாய்ச் சத்தத்தைவிட மெதுவாக.

எந்தப் பசை என்ற கேள்வி தராசுக்கு வாய்வரை வந்து திரும்பியது. "ரெண்டு ட்யூப்" என்றார். "சரிக்குச் சரி கலக்கணும். ஒரு நாள் தொடக்கூடாது."

"நான் அவசரப்பட்டுட்டேன்" என்றார் அண்ணன்.

ஜாடியைத் துடைத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு கூடத்துக்கு வந்தவர், குரலை உயர்த்தி எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "பாத்துக்கோங்க. தாத்தா குடுத்த மாதிரியே இருக்கு. வச்சுக்கத் தெரிஞ்ச குடும்பம் இது."

தராசு விறைப்பாக நின்று தலையசைத்தார். அவர் மனைவி துணியை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.